கூவும் சொல்லும் எழுதும் சொல்லும்: மும்பைத் தமிழரின் பந்தாட்ட மொழி குறித்து ஒரு திறனாய்வு

விளையாட்டுக் கலைச்சொற்கள் பற்றித் தமிழில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் அகராதியிலிருந்து தொடங்கி அகராதியிலேயே முடிவன. ஆங்கிலச் சொல் ஒன்று இடப்பக்கத்தில் நிற்கும், அதற்கு நேராகத் தமிழ்ச் சொல் ஒன்று வைக்கப்பெறும், பொருத்தம் பார்க்கப்பெறும். அச்சொல்லை யார், எங்கு நின்று, எந்த நொடியில் வாய்திறந்து சொல்கின்றார் என்னும் வினா எழுவதில்லை. விளையாட்டுச் சொற்களைப் பொறுத்தவரை இவ்வினாவே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனைச் சோதித்துப் பார்க்கத் தமிழகத்தைவிட மும்பை ஏற்ற களமாகத் தோன்றுகிறது. அங்குத் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் பந்தாட்டம் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்னும் நான்கு மொழிகளுக்கிடையே நிகழ்கிறது; எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வருகிறது என்பதும் ஏன் வருகிறது என்பதும் அங்குத் தெளிவாகப் புலப்படுகின்றன.

இடத்தைப் பற்றிச் சில செய்திகள் தேவை. மாதுங்காவிலுள்ள தட்கர் மைதானம் தாதர் யூனியன் கழகத்தின் ஆடுகளம். சுனில் கவாஸ்கரும் திலீப் வெங்சர்க்காரும் அக்கழகத்துக்கு ஆடியவர்கள். 1948இல் தொடங்கிய காங்கா லீக் போட்டிகள், ஏனைய நாடுகளில் ஆட்டத்தை நிறுத்திவிடும் மழைக்காலத்தையே தம் பருவமாகக் கொண்டவை. மாதுங்காவின் டான் பாஸ்கோ பள்ளியிலும் பொதார் கல்லூரியிலும் ரவி சாஸ்திரி பயின்றார். செம்பூரில் பிறந்த சிரேயஸ் ஐயரும் அவ்விரண்டிலுமே பயின்றவர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றிய மாதுங்காவும், பின்னர்த் தமிழர் பரவிய செம்பூரும் பெரும்பாலும் அலுவலகப் பணியை நாடிவந்த தஞ்சை, பாலக்காட்டுக் குடும்பங்களின் தமிழைக் கொண்டவை. இவற்றுக்கு மிக அருகிலிருக்கும் தாராவியின் தமிழோ தோல் பதனிடும் தொழிலையும் பிற உழைப்பையும் நம்பிவந்த திருநெல்வேலி மாவட்டத்தாரின் தமிழ். இவ்விரு தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவு இரயில் பாதையின் அகலமே எனினும், பேச்சுவழக்கில் அது மிகப் பெரிது. மைதானம் ஒருவர்க்கு உண்டு; மற்றவர்க்குச் சந்து மட்டுமே உண்டு என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

ஒரு தொடரும் அதன் உறுப்புகளும்

தாராவிச் சந்துகளில் கேட்கத்தக்க ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம்: "ஏலே, ரெண்டு டப்பா விழுந்துட்டுல்லா, அவுட்டு இல்லலே." இதையே செம்பூர்ச் சிறுவன் ஒருவன் சொன்னால் "ரெண்டு டப்பா விழுந்துடுத்துடா, அவுட் இல்லை" என்பான்.

டப்பா என்பது இந்தியிலும் மராத்தியிலும் பந்து தரையில் ஒருமுறை பட்டு எழுவதைக் குறிக்கும் சொல். சந்து ஆட்டத்தில் "ஒன் டப்பா அவுட்" என்றொரு விதி உண்டு. பந்தை ஓங்கி அடிக்க இடமில்லை; அடித்தால் எவர் வீட்டுத் தகரத்திலோ தண்ணீர்க் குடத்திலோ படும். எனவே பந்து ஒருமுறை தரையில் பட்டபின் பிடித்தாலும் மட்டையாடுபவன் வெளியேற வேண்டும் என்று சிறுவர்கள் வகுத்துக்கொண்டனர். சென்னைத் தெருக்களில் இதே விதிக்கு "ஒன் பிட்ச் கேட்ச்" என்று பெயர். ஆகவே மேற்சுட்டிய தொடரின் பொருள்: பந்து இருமுறை தரையில் பட்டபின்னரே பிடிக்கப்பட்டது, ஆதலால் விதியின்படி அவன் வெளியேற வேண்டியதில்லை.

இத்தொடரைக் கேட்கும் தமிழாசிரியர் பலர் 'கலப்புத் தமிழ்' என்று ஒதுக்கிவிடுவர். மொழியியல் நோக்கில் இதில் ஒதுக்கத்தக்கது எதுவும் இல்லை. பெயர்ச்சொற்கள் இரண்டு மட்டுமே அயலவை. விளி, எண்ணுப்பெயர், வினைமுற்று, வினாப்பொருள் ஒட்டு, எதிர்மறை அனைத்தும் தமிழ். அதிலும் 'விழுந்துவிட்டது' என்பது 'விழுந்துட்டு' என நிற்பதும், கேட்பவனின் உடன்பாட்டைக் கோரும் 'ல்லா' ஒட்டும் நெல்லை வழக்கின் அடையாளங்கள். செம்பூர்த் தொடரின் 'விழுந்துடுத்து' அந்தணர் வழக்கின் அடையாளம். அதாவது பெயர்ச்சொல் இவர்கள் இன்று வாழும் ஊரைச் சொல்கிறது. வினைச்சொல் இவர்களின் பாட்டனார் புறப்பட்ட ஊரைச் சொல்கிறது. இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை கழிந்த பின்னும் வினைமுற்று மாறவில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இத்தொடரைச் செந்தமிழாக்கி, "பந்து இருமுறை தரையில் பட்டது, ஆதலால் ஆட்டமிழப்பு இல்லை" என எழுதினால், பொருள் வழுவாது. ஆனால் மும்பையும் போய்விடும், திருநெல்வேலியும் போய்விடும். எஞ்சுவது எந்த ஊரிலும் எவரும் பேசாத ஒரு தொடர். தாராவியைக் களமாகக் கொண்ட புனைகதைகளும் திரைப்படங்களும் மொழிபெயர்க்கப்படும் காலத்தில் இது சிறிய இழப்பன்று. அம்மக்களைப் பற்றிய வழக்கமான குற்றச்சாட்டே 'இவர்கள் எந்த ஊர்க்காரர்' என்பதுதான். 'இரண்டு ஊர்க்காரர்' என்னும் விடை அவர்களின் ஒவ்வொரு வாக்கியத்திலும் இலக்கணமாகவே அமைந்திருக்கிறது. அதனை அழித்துவிட்டு அவர்களுக்காகப் பரிந்து பேசுவதில் பயனில்லை.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் மரபிலக்கணத்தில் டகரம் மொழிமுதல் ஆகாது. இக்காலத் தமிழ் அவ்விலக்கணத்தைக் கடந்து நெடுநாள் ஆயிற்று. எனினும் ஒலிப்புடைய டகரத்துக்கும் ஒலிப்பிலா டகரத்துக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. பந்து எழும் டப்பா ஒலிப்பிலா ஒலியில் தொடங்குவது; தகரப் பெட்டியாகிய டப்பா ஒலிப்புடைய ஒலியில் தொடங்குவது. தாராவிச் சிறுவனின் வாயில் இவை இரு வேறு சொற்கள். சிற்றிணை என்றே காட்டலாம். எழுதியவுடன் ஒன்றாகிவிடுகின்றன. 'ரெண்டு டப்பா விழுந்தது' என்று அச்சில் காணும் மதுரை வாசகர் இரண்டு பெட்டிகள் விழுந்தனவாகவே கொள்வார். காங்கா லீக்கையும் 'கங்கா லீக்' என எழுதி, ஓர் ஆற்றின் பெயராக அதை எண்ணியவர்கள் உண்டு. அது டாக்டர் எச்.டி. காங்கா என்னும் பார்சியின் நினைவாக அமைந்த பெயர்.

கூவற்சொல்

விளையாட்டுச் சொற்களை அவை வழங்கும் சூழல் கொண்டு மூன்றாகப் பகுக்கலாம். ஆடுகளத்தில் ஆடுவோரும் நடுவரும் உரக்கச் சொல்வன ஒருவகை. இவற்றைக் கூவற்சொற்கள் எனலாம். ஆட்டத்தைக் காணாதவர்க்கு எடுத்துரைக்கும் வருணனைச் சொற்கள் மற்றொரு வகை. விதிநூலும் பாடநூலும் அகராதியும் ஆளும் ஏட்டுச்சொற்கள் மூன்றாம் வகை. நம் கலைச்சொற் குழுக்கள் இம்மூன்றுக்கும் ஒரே சொல்லை வழங்க முனைந்ததே பெரும்பிழை எனத் தோன்றுகிறது.

கூவற்சொல் வெறும் பெயரன்று. அது ஒரு செயல். கிரிக்கெட் விதிகளின்படி, களத்தில் நிற்போர் முறையிடாதவரை நடுவர் எவரையும் ஆட்டமிழந்தவராக அறிவித்தல் கூடாது. 2017ஆம் ஆண்டின் விதித்தொகுப்பில் 31ஆம் விதி இது. 'ஹவ்ஸ் தட்' என்னும் முறையீடு ஆட்டமிழக்கும் எல்லா வகைகளையும் உள்ளடக்கும் என்றும் அவ்விதி கூறுகிறது. ஆஸ்டின் குறிப்பிட்ட செயல்புரி கூற்றுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. சொல்லாவிட்டால் நிகழ்ச்சி நிகழவில்லை. இத்தகைய சொல்லைப் பொருள்நோக்கி மொழிபெயர்த்து 'அது எவ்வாறு?' என்று எழுதுவோமாயின் நகைப்புக்கே இடமாகும். அதன் பொருள் அதன் சொற்களில் இல்லை. அதனைச் சொல்லும் உரிமையில் இருக்கிறது.

சப்பானியரின் பட்டறிவு இங்கு நமக்கு உதவும். பேஸ்பால் ஆட்டத்துக்கு அவர்கள் 1894இல் 'யாக்யூ' என்னும் சொல்லைப் படைத்தனர். 'வெளிப்பந்து' என்பது அதன் பொருள். அச்சொல் வேரூன்றி இன்றும் வழங்குகிறது. ஆனால் நடுவர் கூவும் 'ஸ்ட்ரைக்' முதலியன ஆங்கிலமாகவே இருந்தன. போர்க்காலத்தில், 1943இல், தொழில்முறை ஆட்டங்களில் பகைவர் மொழி விலக்கப்பட்டு, நல்ல பந்துக்கு 'யோஷி' என்பது போன்ற சப்பானியக் கூவல்கள் புகுத்தப்பட்டன. போர் முடிந்ததும் அவை மறைந்தன; ஆங்கிலக் கூவல்கள் திரும்பின. ஆட்டத்தின் பெயர் நின்றது, கூவல் நிற்கவில்லை. அரசாணையின் வலிமைகூட ஏட்டுச்சொல்லுக்கு உதவிய அளவுக்குக் கூவற்சொல்லுக்கு உதவவில்லை.

ஆயினும் இதை இயற்கை விதி என்று கொள்ளலாகாது. பாரிசு நகரின் ரோலாண் காரோசில் டென்னிசு நடுவர் இன்றும் பிரெஞ்சில்தான் கூவுகிறார். ஆங்கிலேயர் 'டியூஸ்' என்னுமிடத்தில் 'எகாலித்தே' என்பது அங்குக் கேட்கும். 'டியூஸ்' என்பதே பிரெஞ்சின் 'இரண்டு' என்னும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அங்கே விதியை நடத்துவோர் தம் மொழியில் நடத்துகின்றனர். ஆதலால் கூவல் நிலைக்கிறது.

நமக்கு நெருங்கிய சான்று கபடி. தமிழகத்தில் அது சடுகுடு, மராட்டியத்தில் ஹுதூதூ, வங்கத்தில் ஹாடுடு. பாடிச்செல்வோன் மூச்சுவிடாமல் எதைச் சொல்கிறானோ அதுவே ஆட்டத்தின் பெயராக இருந்தது. கூவற்சொல்லே பெயராதல் என்பது இதுதான். 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு தோன்றிப் பொதுவிதி பரவியபோது, 'கபடி' என்றே பாட வேண்டும் என்பதும் விதியாயிற்று. பாட்டு மாறவே பெயரும் மாறிற்று. 'கைப்பிடி' என்பதே கபடி ஆயிற்று எனக் கூறுவோர் நம்மிடையே பலர். ஒலியொப்புமை தவிர அதற்குச் சான்று காட்டப்படவில்லை. மேடைக்கு ஏற்ற சொற்பிறப்பு என்ற அளவில் அதனை விட்டுவிடலாம்.

இவற்றிலிருந்து ஒன்று தெரிகிறது. கூவற்சொல்லின் மொழியைத் தீர்மானிப்பது விதியை வகுக்கும் அதிகாரமே. மாதுங்கா மைதானத்தில் அவ்வதிகாரம் இலண்டனிலிருந்து வருகிறது. ஆகவே 'நோ பால்', 'வைடு', 'அவுட்' என்பன அங்கு மாறப்போவதில்லை. தாராவிச் சந்தில் அதிகாரம் சிறுவர்களிடமே இருக்கிறது. நடுவர் இல்லை, விதிநூல் இல்லை, சுவரும் சாக்கடையும் எல்லைகள். எனவேதான் அங்கு மட்டும் புதிய கூவற்சொற்கள் பிறக்கின்றன. 'ஒன் டப்பா' அத்தகையது. சென்னைத் தெருவில் இரு பக்கத்துக்கும் பொதுவாக ஆடுபவனை 'ஜோக்கர்' என்பதும், அடிக்காமல் பந்தைத் தடுத்துக்கொண்டே நிற்பதைக் 'கட்டை போடுதல்' என்பதும் இவ்வகையினவே. தமிழ் பேசும் சிறுவர் தாமே சட்டமியற்றும் ஒரே இடம் இத்தெருக்கள். அங்குப் பிறந்த சொற்களில் ஒன்றையும் நம் விளையாட்டுச் சொற்றொகுதிகள் எடுத்துக்கொள்ளவில்லை. 'கட்டை போடுதல்' என்பதைவிடத் துல்லியமான தமிழ்ச்சொல்லை அவ்விடத்துக்கு எந்தக் குழுவும் தந்துவிட முடியாது என்பது என் துணிபு. வினையாகவும் அமைந்து, சிறிது ஏளனத்தையும் தாங்கிநிற்கிறது.

மராத்தியின் வழி

மும்பைத் தமிழர்க்கு நாள்தோறும் கண்ணில்படும் மராத்திச் செய்தித்தாள்களின் கிரிக்கெட் மொழி தனித்து ஆராயத்தக்கது. பந்துவீச்சாளர் அங்குக் 'கோலந்தாஜ்'. இது பாரசீக வழிவந்த பழைய படைச்சொல். பீரங்கி சுடுவோனுக்கு உரியது. அதை ஒட்டி மட்டையாளர்க்குப் 'பலந்தாஜ்' அமைந்தது. 'பளி' என்றால் பலகை. ஆட்டமிழப்பு வகைகள் மற்போரிலிருந்து வந்தன. மல்லாந்து விழச்செய்வதைக் குறிக்கும் 'சீத்' என்னும் சொல் கொண்டு, காலில் பட்டு வெளியேறினால் 'பாயசீத்' என்றும், குச்சிகள் சாய்ந்தால் 'திரிபளாசீத்' என்றும் கூறுவர். திரிபலைச் சூரணத்தை அறிந்த தமிழர்க்குப் பின்னது சற்று நகைப்பூட்டலாம். ஆனால் மூன்று குச்சிகளைத் திரிபளா என்ற துணிவு பாராட்டத்தக்கது.

இங்கு ஒப்புநோக்க வேண்டியது உருவக மூலம். மராத்தியர் தம் கோட்டைப்போர், மற்களம், வேள்வி ஆகியவற்றிலிருந்து சொல்லெடுத்தனர். தமிழில் நாம் பெரும்பாலும் செயலை விவரித்துப் பெயராக்கினோம்: பந்துவீச்சாளர், களத்தடுப்பு, இலக்குக்காப்பாளர். முன்னது சுவையுடையது, பின்னது தெளிவுடையது. சுவையே சில நேரங்களில் இடையூறாகும். மராத்தியில் ஓவருக்குச் 'ஷடக்' என்பர்; ஆறன் தொகுதி என்று பொருள். ஆத்திரேலியாவில் 1978-79 பருவம் வரை ஓவருக்கு எட்டுப் பந்துகள் வீசப்பெற்றன. அவ்வாட்டங்களைப் பற்றி எழுதும் மராத்தியர் 'எட்டுப் பந்துகள் கொண்ட ஆறன் தொகுதி' என்று எழுத நேரும். தமிழில் முயன்ற 'நிறைவு', இலங்கையில் வழங்கும் 'பந்துப் பரிமாற்றம்' ஆகியவற்றுக்கு இவ்விடர் இல்லை; எனினும் ஓவர் என்னும் சொல்லை இவை பெயர்த்துவிட்டதாகவும் சொல்ல இயலாது.

மொழிபெயர்ப்பாளர்க்கு எச்சரிக்கையாக ஒன்று. விக்கெட் வீழ்வதை மராத்தியர் 'பளீ' என்பர். வடமொழிப் பலியே அது. அதனை ஒலியொப்புமை கருதித் தமிழில் 'பலி' என ஆண்டால், 'ஐந்து பேர் பலி' என்னும் தலைப்பைக் கண்ட தமிழ் வாசகர் விபத்துச் செய்தி என்றே கொள்வார். இரு மொழிக்கும் பொதுவான சொல்லே இங்கு மிகுந்த தீங்கு விளைவிப்பது.

மட்டையும் துடுப்பும்

தமிழகமும் இலங்கையும் இத்துறையில் இருவேறு வழிகளில் சென்றுள்ளன. இலங்கையில் கிரிக்கெட் 'துடுப்பாட்டம்'. ஆடுபவர் 'துடுப்பாட்ட வீரர்'. தமிழகத்தில் 'மட்டையாளர்'. துடுப்பு வடிவ ஒப்புமையால் வந்த உருவகம். மட்டை என்பதோ சிற்றூர்ச் சிறுவர்க்கு உருவகமே அன்று. தென்னை மட்டையைச் சீவித்தான் அவர்கள் ஆடினார்கள். பொருளே பெயராக நின்றது. தென்னையில்லாத தாராவிச் சந்தில் பலகைத்துண்டு மட்டையானபோது அச்சொல் தன் முதற்பொருளை இழந்தது. சென்னையிலும் மும்பையிலும் சிறுவர்கள் 'பேட்' என்பதன் காரணத்தை ஆங்கில மோகம் என்று மட்டும் கூறிவிட முடியாது.

கால்பந்துக்கு இலங்கையர் 'உதைபந்தாட்டம்' என்பர். உதைபந்து வினைத்தொகை, முக்காலத்துக்கும் ஏற்பது, செயலை உள்ளடக்குவது. கால்பந்து ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. இத்தாலியர் இவ்வாட்டத்தைக் 'கால்ச்சோ' என்கின்றனர். உதை என்பதே பொருள். அங்கேரியரின் சொல்லும் பந்துதைப்பு எனப் பொருள்படுவது. ஆகவே யாழ்ப்பாணத்தின் தெரிவு உலக வழக்கில் தனித்ததன்று. இலக்கண அழகில் தமிழகச் சொல்லினும் மேம்பட்டது என்றே கூற வேண்டும்.

உண்மையான குழப்பம் கையால் ஆடும் பந்துகளில் உள்ளது. வாலிபாலுக்குத் தமிழகத்தில் 'கைப்பந்து' என்றும் 'கையுந்துபந்து' என்றும் எழுதுகின்றனர், இலங்கையில் 'கரப்பந்து'. அடுத்து ஹேண்ட்பால் வந்தபோது 'கைப்பந்து' அதற்கே பொருந்தியது. சிலர் அதனை 'எறிபந்து' என்றனர். த்ரோபால் ஆடுவோர் அச்சொல் தமக்குரியது என்றனர். 'பூப்பந்து' தஞ்சையில் தோன்றியதாகக் கூறப்படும் கம்பளிநூல் பந்தாட்டத்துக்கும் வழங்குகிறது, இறகுப்பந்துக்கும் வழங்குகிறது. வாலிபாலை 1895இல் மாசசூசெட்சு மாநிலத்தில் வில்லியம் மார்கன் உருவாக்கியபோது அதன் பெயர் 'மின்டனெட்'. பந்து தரையில் படுமுன் மீள அடித்தலே ஆட்டத்தின் உயிர் என்பதைக் கண்டபின் பெயர் மாற்றப்பட்டது. அதாவது ஆங்கிலப் பெயர் எதனால் அடிப்பது என்பதைக் கூறவில்லை. எப்போது அடிப்பது என்பதைக் கூறுகிறது. நம் சொற்கள் யாவும் கையையே பற்றிக்கொண்டதால் கையாலாடும் அடுத்த ஆட்டம் வந்தவுடன் இடறின. 'கையுந்துபந்து' ஒன்றே உந்துதலைச் சொல்கிறது. செய்தித்தாள்கள் அதை ஆள்வது நன்று.

ஏட்டில் வெற்றிபெற்ற சொற்களுள் தலையாயது 'ஆட்டமிழந்தார்'. அது நிலைத்தமைக்குக் காரணம் அது பெயராகப் படைக்கப்படாமல் வினையாக வந்ததே. வருணனைக்கு வினை வேண்டும். வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் கிரிக்கெட்டைத் தமிழில் வருணித்தபோதும், 2017இல் தமிழுக்கெனத் தனி விளையாட்டுத் தொலைக்காட்சி வந்தபோதும், வருணனையாளர் எதிர்கொண்ட முதல் சிக்கல் சொற்பஞ்சமன்று, தொடரமைப்பு. தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். அது வருமுன் பந்து எல்லைக்கோட்டை அடைந்துவிடும். எனவே வருணனைத் தமிழ் வினைமுற்றைக் கைவிட்டுப் பெயரெச்சங்களை அடுக்கிப் பெயரில் முடிகிறது: வீசிய பந்து, விலகி வந்த பந்து, நான்கு ஓட்டங்கள். இந்தத் தொடரியல் மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தால், சொற்பட்டியல்களைவிடப் பயனுள்ள செய்திகள் கிடைக்கும்.

செண்டு

இறுதியாக ஒரு பழஞ்சொல். மராத்தியில் பந்துக்குச் 'சேண்டூ' என்று பெயர். கிரிக்கெட்டையே முன்னர்ச் 'சேண்டூ-பளி' என்று வழங்கினர். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'செண்டு' பந்து. தமிழிலும் செண்டுக்குப் பூங்கொத்து என்பதோடு பந்து என்னும் பொருளும் அகராதிகளில் உண்டு. மராத்திச் சொல் இத்திராவிட இனத்தோடு தொடர்புடையது என்பது அறிஞர் பலர்க்கு உடன்பாடு. ஆக, தாராவிச் சிறுவன் அண்டைவீட்டு மராத்தியனிடம் கேட்கும் 'சேண்டூ' அவன் மொழிக்கும் ஒருகாலத்தில் உரியதே.

இதைக் கொண்டு பெருமிதம் கொள்வோர்க்கு ஒரு தடை சொல்ல வேண்டும். மராட்டியச் சிறுவர் கிட்டிப்புள் ஆடுகையில் 'வகட், லேண்ட், மூண்ட், நால்' என்று எண்ணுவர். மராத்தி எண்கள் இவையல்ல. திராவிட எண்கள் ஆட்டத்தில் படிந்து நிலைத்தவை என்பது வெளிப்படை. தமிழ் எண்கள் என்று இவற்றைக் காட்டும் கட்டுரைகளைக் கண்டிருக்கிறேன். 'வகட்' தமிழின் 'ஒன்று' ஆகாது. தெலுங்கின் 'ஒகட்டி'க்கே அது நெருங்கியது. அண்டை மொழியின் வரவைத் தமிழ்க் கணக்கில் எழுதுதல் முறையன்று.

தமிழில் 'பந்து' சங்க காலம் தொட்டு மகளிர் ஆட்டத்துக்கு உரியது. திருமுருகாற்றுப்படையில் மதுரை வாயிலில் பந்தும் பாவையும் தொங்கவிடப்பட்டது பகைவரை மகளிராக இகழ்வதற்கே என்பது உரைமரபு. சிலப்பதிகாரத்தில் கந்துகவரியும் பெருங்கதையில் பந்தடி கண்ட காதையும் மகளிரையே பாடுகின்றன. ஆடவர் ஆட்டத்துக்கு அச்சொல் உரிமையானது ஆங்கிலேயர் வந்தபின். நம் கலைச்சொற் குழுக்கள் மரபை எடுத்தாள்வதாகக் கூறும்போது இத்தலைகீழ் மாற்றத்தை எவரும் குறிப்பதில்லை.

மீண்டும் தாராவித் தொடருக்கு வருவோம். பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) தன் நாயகனைத் தெருவில் சிறுவரோடு கிரிக்கெட் ஆடி, பந்து குச்சியில் பட்டு வெளியேறுபவனாக அறிமுகம் செய்கிறது. தாராவியை அறிவதற்குத் தெரு ஆட்டமே நுழைவாயில் என்பதை அப்படம் உணர்ந்திருக்கிறது. இத்தகைய உரையாடலை இந்தியில் பெயர்ப்போர்க்கு வரும் இடர் தமிழாக்குவோர்க்கு வருவதன் மறுதலை. தமிழில் அயலாக ஒலித்த 'டப்பா' இந்தியில் இயல்பான சொல்லாகிவிடும். 'விழுந்துட்டுல்லா' முற்றும் மறையும். கலப்பு மொழி பேசிய சிறுவன் இந்தியில் தூய இந்தி பேசுபவனாகிறான். அவன் தமிழன் என்பதற்கு அத்தொடரில் ஒரு தடயமும் இராது. அவ்விடத்தில் 'ஏலே'யையும் இறுதி 'லே'யையும் பெயர்க்காமல் விட்டுவைப்பதே தக்கது எனக் கருதுகிறேன். மும்பையில் தமிழரோடு வாழும் இந்தி வாசகர் அதை முன்பே கேட்டிருப்பர். நாகரி எழுத்தில் அதை எழுதுவதற்குத் தடையுமில்லை. நம் டகரத்தில் நேர்வது போன்ற ஒலிமயக்கமும் அங்கு நேராது.